திகில் படத்தின் தொடக்கக் காட்சி: எடுப்பதற்கும், எடுத்ததைப் பரிசீலித்து எழுதுவதற்கும் மாணவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

ஒரு திகில் படத்தின் முதல் இரண்டு நிமிடங்களை மட்டும் எடுத்து, பிறகு அந்தப் படைப்பு திகில் வகைமையின் மரபுகளை எப்படிக் கையாண்டது என்று எழுதித் தருவது ஊடகவியல் மாணவர்களுக்குப் பல நாடுகளில் தரப்படும் பயிற்சி. இங்கிலாந்தின் ஓசிஆர் தேர்வு வாரியம் 2008-இல் கொண்டுவந்த ஏ.எஸ். நிலை (மேல்நிலைப் படிப்பின் முதல் ஆண்டு) பாடத்திட்டம் இதற்கு ஒரு தெளிவான வடிவத்தைக் கொடுத்தது. ஒரு புதிய கதைப்படத்தின் டைட்டிலும் தொடக்கமும் இரண்டு நிமிடத்துக்கு மிகாமல் இருக்க வேண்டும். குழுவில் நான்கு பேருக்கு மேல் கூடாது. 100 மதிப்பெண்ணில் ஆய்வுக்கும் திட்டமிடலுக்கும் 20, படைப்புக்கு 60, பரிசீலனைக்கு 20 என்று அது வகுத்தது. பரிசீலனையின் முதல் கேள்வியே மரபுகளைப் பற்றியது. உங்கள் படைப்பு உண்மையான ஊடகப் படைப்புகளின் வடிவங்களையும் மரபுகளையும் எவ்வாறு பயன்படுத்துகிறது, வளர்க்கிறது அல்லது மறுக்கிறது என்று அது கேட்டது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) துறைகளில் குறும்படம் எடுக்கும் மாணவர்களுக்கும் இந்தக் கேள்வி நன்றாகப் பொருந்தும்.

மாணவர்களின் பரிசீலனைகளில் பெரும்பாலானவை ஒரு பட்டியலாகவே நின்றுவிடுகின்றன. இருட்டு இருந்தது, கத்தி இருந்தது, தனியாக ஒரு பெண் இருந்தாள், ஆகவே மரபுகளைப் பயன்படுத்தினோம் என்ற அளவில் அவை முடிகின்றன. மரபு என்பது பொருள்களின் தொகுப்பு அன்று. பார்வையாளர் எதை எதிர்பார்க்கிறார், எதை அறிந்திருக்கிறார், எதை அறியாமல் தவிக்கிறார் என்பதை ஒழுங்குபடுத்தும் ஏற்பாடு. அந்த ஏற்பாடு உங்கள் படத்தில் என்ன வேலை செய்தது என்று காட்டும் எழுத்துதான் பரிசீலனை. அப்படி எழுத வேண்டுமானால் அதற்கான குறிப்புகள் படப்பிடிப்புக்கு முன்பே தொடங்க வேண்டும் என்பதால், இந்த வழிகாட்டியில் எடுப்பதையும் எழுதுவதையும் தனித்தனியாகப் பிரிக்கவில்லை.

முதல் படி: தொடக்கங்களைப் பார்க்கும் முறை

மூன்று அல்லது நான்கு திகில் படங்களின் தொடக்கத்தை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றையும் முதலில் ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். பிறகு திரையைப் பார்க்காமல் ஒலியை மட்டும் கேளுங்கள். மூன்றாவது முறை இரண்டையும் சேர்த்துப் பார்த்து, ஒவ்வொரு ஷாட்டுக்கும் எதிரே மூன்று செய்திகளைக் குறியுங்கள்: திரையில் என்ன இருக்கிறது, கதாபாத்திரத்துக்கு என்ன தெரியும், நமக்கு என்ன தெரியும். கடைசி இரண்டுக்கும் இடையிலான இடைவெளியில்தான் திகில் பிறக்கிறது.

அமெரிக்கத் திரைப்பட ஆய்வாளர் ரிக் ஆல்ட்மன் 1984-இல் எழுதிய கட்டுரையில், ஒரு வகைமையின் கூறுகளை இரண்டாகப் பிரித்தார். பாழடைந்த வீடு, முகமூடி, கிறீச்சிடும் கதவு போன்ற அடையாளங்கள் ஒரு வகை. அவை ஒன்றோடொன்று எந்த உறவில் அடுக்கப்படுகின்றன என்பது மற்றொரு வகை. மாணவர் படங்கள் முதல் வகையை எளிதில் கடன்வாங்கிவிடுகின்றன, இரண்டாவதைக் கவனிப்பதில்லை. அதனால்தான் முகமூடியும் கத்தியும் இருந்தும் பயம் வராத படங்கள் இத்தனை உருவாகின்றன.

1978-இல் ஜான் கார்ப்பென்டர் இயக்கிய ஹாலோவீன் படத்தின் தொடக்கத்தை இந்தக் கண்ணோடு பார்த்தால் இது தெளிவாகும். பானாகிளைட் என்ற, உடலில் பொருத்திக்கொள்ளும் தாங்கியில் மிதந்துசெல்லும் கேமரா, ஒரு வீட்டைச் சுற்றிவந்து, சன்னல் வழியே எட்டிப்பார்த்து, சமையலறைக்குள் நுழைந்து கத்தியை எடுக்கிறது. பிறகு முகமூடி அணியப்பட்டதும் சட்டகம் இரண்டு கண்துளைகளாகச் சுருங்குகிறது. நாம் கொலையாளியின் கண்ணாகவே இருக்கிறோம், ஆனால் அவன் யார் என்பது மட்டும் நமக்குத் தெரியாது. முகமூடி கழற்றப்படும்போது அங்கே நிற்பவன் ஆறு வயதுச் சிறுவன். பார்வைக்கோண ஷாட் என்ற மரபு இங்கே வெறும் அழகுக்காக வரவில்லை. அது கொலையாளியின் உருவத்தை மறைக்கிறது, நம்மை அவனோடு கூட்டுச் சேர்க்கிறது, இறுதியில் அந்தக் கூட்டையே நமக்கு அருவருப்பாக்குகிறது. உங்கள் குறிப்பேட்டில் “பார்வைக்கோண ஷாட் உள்ளது” என்று எழுதாமல், இந்த மூன்று வேலைகளையும் எழுதுங்கள்.

பார்க்கும் படங்களில் ஒன்றாவது நம்முடையதாக இருக்கட்டும். ஹாலிவுட்டின் தொடர்கொலைப் படங்களை மட்டும் ஆராய்ந்துவிட்டுத் தமிழில் படமெடுக்கும் மாணவர், தம் பார்வையாளர் எந்தப் பழக்கத்தோடு திரையின் முன் உட்காருகிறார் என்பதைத் தவறவிடுகிறார். தமிழ்ப் பேய்ப்படங்களில் பேய் பெரும்பாலும் அநீதி இழைக்கப்பட்ட ஒருவரின் ஆவி. அதற்கு ஒரு முன்கதை உண்டு. பிற்பாதியில் அந்த முன்கதை சொல்லப்பட்டு நியாயம் கேட்கப்படும். ஆகவே தமிழ்ப் பார்வையாளர் தொடக்கத்தில் ஒரு மரணத்தையோ விபத்தையோ பார்த்தால், “யார் கொன்றது” என்பதோடு “இவருக்கு என்ன கொடுமை நடந்தது” என்றும் உடனே கேட்பார். 2009-இல் வந்த யாவரும் நலம், புதிதாகக் குடியேறிய அடுக்குமாடி வீட்டின் தொலைக்காட்சித் தொடர் அந்தக் குடும்பத்தின் வாழ்க்கையையே காட்டத் தொடங்குவதாக அமைந்தது. நம் வீட்டுக் கூடத்தில் அன்றாடம் ஓடும் பொருளைத் திகிலின் வாயிலாக்கிய அந்தத் தேர்வு, தனிமாளிகையோ காடோ கைவசம் இல்லாத மாணவர்களுக்கு நல்ல முன்மாதிரி.

இரண்டாம் படி: ஒரே ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுத்தல்

தொடக்கக் காட்சி குறும்படம் அன்று. இரண்டு நிமிடத்துக்குள் ஒருவர் அறிமுகமாகி, துரத்தப்பட்டு, கொல்லப்பட்டுவிட்டால் பார்வையாளருக்கு எதிர்பார்க்க எதுவும் மிஞ்சாது. தொடக்கத்தின் கடமை ஒரு கேள்வியை நட்டுவைப்பது. பிரெஞ்சு எழுத்தாளர் ரோலான் பார்த் 1970-இல் வெளிவந்த தம் நூலில், ஒரு கதை தன் புதிரை எழுப்பி, தள்ளிப்போட்டு, தாமதமாக அவிழ்க்கும் முறையைக் கதையை நடத்தும் குறியீடுகளில் ஒன்றாக விளக்கினார். உங்கள் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுத முடியவில்லை என்றால் கரு இன்னும் முதிரவில்லை என்று பொருள்.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரு கருவைத் துணைக்கு வைத்துக்கொள்வோம். கோடை விடுமுறையின் நண்பகல். ஒரு மாணவி வீட்டில் தனியாகத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழியும் சத்தம் கேட்கிறது. வெளியூரிலிருந்து அம்மா கைப்பேசியில் அழைத்து, “மோட்டார நிறுத்திட்டியாம்மா?” என்று கேட்கிறார். அவள் எழுந்துபோய்ச் சுவிட்சைப் பார்க்கிறாள். அது ஏற்கெனவே அணைந்திருக்கிறது. சத்தம் நிற்கவில்லை. படியேறி மாடிக்குப் போகிறாள். தளம் வெயிலில் காய்ந்து வெளுத்துக் கிடக்கிறது, ஒரு சொட்டு ஈரம் இல்லை. இப்போது அதே சத்தம் கீழே, அவள் விட்டுவந்த வீட்டுக்குள்ளிருந்து கேட்கிறது. டைட்டில் வருகிறது.

இதன் கேள்வி: வழிவது எங்கே? ஒரே வீடு, ஒரு நடிகை, ஒரு குரல் போதும். ரத்தம், ஒப்பனை, முகமூடி எதுவும் வேண்டாம். இதில் இன்னொரு பலமும் இருக்கிறது. நிகழ்வதற்கு இயல்பான விளக்கம் உண்டா, அமானுஷ்ய விளக்கம்தானா என்று முடிவு செய்ய முடியாத தயக்கத்தையே விந்தைக் கதைகளின் அடிப்படை என்று இலக்கியக் கோட்பாட்டாளர் ட்ஸ்வெதான் தோதரோவ் 1970-இல் வரையறுத்தார். குழாய் உடைந்திருக்கலாம் என்ற எண்ணம் கடைசி ஷாட் வரை உயிரோடு இருப்பதால், இந்தக் கரு அந்தத் தயக்கத்தில்தான் நிற்கிறது.

கருவை முடிவு செய்தவுடன், கைவிட்ட மாற்றுக் கருக்களையும் அவற்றைக் கைவிட்ட காரணத்தையும் தேதியிட்டுக் குறித்துவையுங்கள். பின்னால் எழுதும்போது இந்தப் பக்கம்தான் மிகவும் பயன்படும்.

மூன்றாம் படி: யாருக்காக

பார்வையாளர் யார் என்பதைத் தணிக்கைச் சான்றிதழின் மொழியில் யோசிப்பது எளிது. இந்தியாவில் 2024-ஆம் ஆண்டு விதிகளின்படி யு/ஏ பிரிவு 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிக்கப்பட்டுள்ளது. மேலே சொன்ன கருவில் வன்முறையே இல்லாததால் தொடக்கம் மட்டும் 13+ பிரிவுக்குள் அடங்கிவிடும் என்று நினைக்கலாம். ஆனால் சான்றிதழ் முழுப் படத்துக்கானது. அதனால் தொடரும் கதை எவ்வளவு கடுமையானது என்று குழுவாக முடிவு செய்து அதை எழுதிவையுங்கள். இங்கிலாந்து மாணவர்கள் இதே இடத்தில் பிபிஎஃப்சி என்ற திரைப்படச் சான்றிதழ் அமைப்பின் 15, 18 என்ற பிரிவுகளைக் கணக்கில் கொள்கிறார்கள்.

நான்காம் படி: ஸ்டோரிபோர்டும் அறிவின் கோடும்

ஸ்டோரிபோர்டு வரைய ஓவியத் திறமை தேவையில்லை. படப்பிடிப்பு நடக்கப்போகும் வீட்டிலேயே கைப்பேசியில் நிழற்படங்கள் எடுத்து, அவற்றை எடிட்டிங் மென்பொருளில் வரிசையாக வைத்து, தற்காலிக ஒலியைச் சேர்த்து இரண்டு நிமிட மாதிரியாக ஓடவிட்டுப் பாருங்கள். எந்த இடத்தில் அலுப்பு தட்டுகிறது என்பது ஒரு ரூபாய் செலவழிக்கும் முன்பே தெரிந்துவிடும்.

ஸ்டோரிபோர்டின் கீழே ஒரு கோடு வரைந்து, ஒவ்வொரு பத்து வினாடிக்கும் பார்வையாளர் கதாநாயகியைவிட அதிகம் அறிந்திருக்கிறாரா, சமமாகவா, குறைவாகவா என்று குறியுங்கள். மேசைக்கடியில் குண்டு இருப்பது பார்வையாளருக்கு முன்பே தெரிந்தால் பதினைந்து நிமிடப் பதற்றம் கிடைக்கும். தெரியாமல் வெடித்தால் பதினைந்து வினாடி அதிர்ச்சிதான் கிடைக்கும் என்று இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் விளக்கிய வேறுபாடு இந்தக் கோட்டில் அப்படியே தெரியும். நம் கருவில் பார்வையாளரும் மாணவியும் கிட்டத்தட்ட எப்போதும் சமமாகவே அறிகிறார்கள். ஓர் இடத்தை மட்டும் மாற்றலாம். அவள் கைப்பேசியில் பேசிக்கொண்டிருக்கும்போது, பின்னணியில் சுவிட்சின் சிவப்பு விளக்கு அணைந்திருப்பது நமக்குத் தெரியட்டும், அவள் இன்னும் பார்க்கவில்லை. அந்தச் சில வினாடிகள் காட்சியின் தன்மையையே மாற்றிவிடும். இப்படி ஒரு முடிவை எடுத்தால், “பார்வையாளருக்கு முன்னறிவு கொடுக்கிறோம்” என்று அந்த ஷாட்டின் ஓரத்தில் எழுதுங்கள்.

ஐந்தாம் படி: ஒளி, கேமரா, பாதுகாப்பு

நண்பகலில் எடுப்பது என்ற முடிவு கவனமாகச் சிந்திக்க வேண்டியது. திகில் என்றால் இரவு என்பது பொதுவான எதிர்பார்ப்பு. ஆயினும் 1968-இல் ஜார்ஜ் ரொமேரோ இயக்கிய நைட் ஆஃப் தி லிவிங் டெட், அந்தி சாய்வதற்கு முன்பே, நல்ல வெளிச்சத்தில், ஒரு கல்லறைத் தோட்டத்தில் தொடங்குகிறது. தமிழ்ச் சூழலில் இதைவிட வலுவான ஓர் ஆதாரமும் உண்டு. உச்சிவேளையில் புளியமரத்தடிக்குப் போகாதே, கிணற்றடிக்குப் போகாதே என்று பிள்ளைகளைத் தடுக்கும் வழக்கம் நம் ஊர்களில் இருக்கிறது. நள்ளிரவைப் போலவே உச்சிப்பொழுதும் காற்றுக் கருப்பு நடமாடும் நேரம் என்பது அந்த நம்பிக்கை. ஆகவே ஓர் இங்கிலாந்துத் தேர்வாளருக்கு நண்பகல் மரபை மறுப்பதாகத் தெரியும். கிராமத்துப் பாட்டி ஒருவருக்கு அது மரபைப் பின்பற்றுவதாகவே தெரியும். பரிசீலனையில் இதைச் சொல்லும் மாணவர், மறுப்பு என்பது எப்போதும் யாரோ ஒரு பார்வையாளரின் எதிர்பார்ப்பைப் பொறுத்தது என்பதைப் புரிந்துகொண்டவர் ஆகிறார்.

செய்முறைக்கு வருவோம். தமிழ்நாட்டில் கோடை நண்பகலின் சூரியன் ஏறத்தாழத் தலைக்கு நேர்மேலே நிற்கிறது. கண்குழிகளில் நிழல் விழும். உடலின் நிழல் காலடியில் சுருங்கும். சாதாரணமாக இதைத் தவிர்க்கச் சொல்வார்கள். இந்தக் காட்சிக்கு அதுவே வேண்டும். ஆனால் கைப்பேசிக் கேமரா தானாக வெளிச்ச அளவை மாற்றிக்கொண்டே இருந்தால், படிக்கட்டிலிருந்து மாடிக்கு வரும் ஷாட்டில் படத்தின் வெளிச்சம் கூடிக் குறைந்து மாறும். எக்ஸ்போஷரையும் ஃபோகஸையும் பூட்டிவிட்டு, மாடியின் வெளிச்சத்துக்கே அளவை வைத்து எடுங்கள். படிக்கட்டு இருளாகவும் கதவுக்கு அப்பால் வெளி தெளிவாகவும் இருக்கும். அவள் இருளிலிருந்து வெளிச்சத்துக்குள் நடந்துபோவாள், பயமோ வெளிச்சத்தில் காத்திருக்கும்.

வீட்டுக்குள் எடுக்கும் ஷாட்களில் டியூப்லைட் இருந்தால் படத்தில் பட்டைகளோ துடிப்போ தெரியக்கூடும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், வினாடிக்கு 25 சட்டகம், ஷட்டர் வேகம் 1/50 என்று வைத்தால் இது பெரும்பாலும் மறையும். பல கைப்பேசிகள் 30 சட்டகத்திலேயே தொடங்குகின்றன. எடுப்பதற்கு முன் மாற்றிவிடுங்கள். முகத்தின் ஒரு பக்கம் மட்டும் சற்று வெளிச்சம் வேண்டுமானால், சன்னலுக்கு எதிரே ஒரு தெர்மாகோல் பலகையைப் பிடித்தால் போதும்.

இரவுக் காட்சியைத்தான் எடுக்கப்போகிறீர்கள் என்றால் உண்மையான இருட்டில் எடுக்காதீர்கள். படம் முழுவதும் புள்ளிபுள்ளியாக இரைச்சல் தட்டும். வெளிப்புற ஷாட்களைச் சூரியன் மறைந்த பின் கிடைக்கும் நீல வெளிச்சத்தில் எடுங்கள். நம் நிலப்பகுதியில் அது சுமார் இருபது நிமிடம்தான் நீடிக்கும், ஆகவே ஒத்திகையை முன்பே முடித்துவிட வேண்டும்.

கேமரா நகர்வில் சிக்கனம் தேவை. கையில் பிடித்து ஆட்டுவது பதற்றத்தை உண்டாக்கும் என்று நினைத்து எல்லா ஷாட்டையும் ஆட்டினால், எந்த ஷாட்டும் பதற்றமாக இருக்காது. நம் கருவில் தரையில் நிலையாக வைத்த கேமராவே பெரும்பாலும் சரி. மாடிப்படியில் மட்டும், அவளுக்குப் பின்னால், அவள் தலைக்குக் கொஞ்சம் மேலே, அவளைவிட மெதுவாக நகரும் ஒரு ஷாட்டை வைக்கலாம். யாரோ பின்தொடர்கிறார்கள் என்ற எண்ணத்தை வகைமையே பார்வையாளருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. அதை நீங்கள் உறுதிப்படுத்தவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம்.

மாடியின் கைப்பிடிச் சுவருக்கு அருகில் நடிகையைப் பின்னோக்கி நடக்க வைக்காதீர்கள். சுவிட்ச் ஷாட்டுக்கு முன் மெயினை அணைத்துவிடுங்கள். தண்ணீர் ஒலியைப் பதியும் நாளும் சுவிட்சைத் தொடும் நாளும் வேறாக இருக்கட்டும். தெருவில் பொம்மைக் கத்தியோடு படமெடுக்கும் குழுக்கள் அக்கம்பக்கத்தாரிடமும், தேவைப்பட்டால் காவல் நிலையத்திலும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வழிப்போக்கர்களை உண்மையிலேயே பயமுறுத்தி அவர்களின் முகத்தைப் பதிவு செய்வதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

ஆறாம் படி: ஒலி

மாணவர் திகில் படங்கள் தோற்பதும் வெல்வதும் பெரும்பாலும் இங்கேதான். படம் சுமாராக இருந்தாலும் ஒலி சரியாக இருந்தால் பயம் வரும். ஒலி மோசமானால் எவ்வளவு நல்ல படமும் நாடகமாகிவிடும்.

முதலில், படமெடுத்த ஒவ்வோர் அறையிலும் யாரும் பேசாமல் அசையாமல் ஒரு நிமிட வெற்று ஒலியைப் பதிவு செய்யுங்கள். மின்விசிறி, தூரத்து வண்டி, காக்கை எல்லாம் கலந்த அந்த ஒலிதான் ஷாட்களை ஒட்டவைக்கும் பசை. பிறகு முக்கிய ஒலிகளைத் தனித்தனியே, கைப்பேசியை மிக அருகில் வைத்துப் பதியுங்கள். தொட்டி வழியும் சத்தத்தை ஒரே பதிவாக எடுக்காமல், சிமெண்ட் தரையில் விழும் தண்ணீர், வாளிக்குள் விழும் தண்ணீர், சுவருக்கு அப்பாலிருந்து கேட்கும் தண்ணீர் என்று மூன்றாக எடுத்தால், காட்சியின் முடிவில் சத்தம் இடம் மாறியதைப் பார்வையாளர் காதாலேயே உணர்வார். வெளியில் திறந்து ஒலித்த சத்தம், அறைக்குள் அடைபட்ட சத்தமாக மாறுவதுதான் இந்தத் தொடக்கத்தின் திருப்பம். இதைச் சொல்ல ஒரு வசனமும் தேவையில்லை.

பின்னணி இசையைப் பொறுத்தவரை எளிமையே நல்லது. ஹாலோவீன் படத்தின் இசையை கார்ப்பென்டர் தாமே அமைத்தார். ஐந்து தட்டுகளில் சுழலும் ஒரு பியானோச் சொற்றொடர் திரும்பத் திரும்ப வருகிறது. நான்கு தட்டுக்குப் பழகிய காது, அந்த ஐந்தாவது தட்டில் ஒவ்வொரு முறையும் சற்று நிலைகுலைகிறது. நம்மிடம் கண்ட சாபுத் தாளம் இருக்கிறது. அதே ஐந்தின் நடையைத் தண்ணீர்ச் சொட்டுகளின் இடைவெளியில் மறைத்துவைக்க முடியும். இசையமைப்பாளர் இல்லையென்றால் இசையே இல்லாமல் விடுங்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் “திகில் இசை”த் துண்டுகளை அடியில் ஓடவிட்டால், அடுத்த நொடி என்ன நடக்கும் என்பதை அது முன்கூட்டியே அறிவித்துவிடும்.

ஆழ்ந்த அதிர்வொலிகளை நம்பிக் காட்சியை அமைக்காதீர்கள். உங்கள் படத்தைப் பெரும்பாலானோர் கைப்பேசியில் பார்ப்பார்கள். அதன் சிறிய ஒலிபெருக்கியில் அந்த ஒலிகள் கேட்கவே கேட்காது. இறுதிக் கலவையை ஹெட்போனிலும் கைப்பேசியிலும் கேட்டுப் பார்ப்பது கட்டாயம்.

ஏழாம் படி: எடிட்டிங்கும் டைட்டிலும்

திடுக்கிட வைக்கும் உத்தியைப் பயன்படுத்த விரும்பினால் அதன் வரலாற்றை அறிந்து பயன்படுத்துங்கள். 1942-இல் வால் லூட்டன் தயாரித்து ஜாக் டூர்னர் இயக்கிய கேட் பீப்பிள் படத்தில், இரவில் தனியே நடந்துபோகும் பெண்ணை யாரோ பின்தொடர்வது போல் காலடி ஒலிகள் கேட்கின்றன. அவை நின்று நிசப்தம் நீள்கிறது. அப்போது சட்டென்று சீறும் ஒலியோடு சட்டகத்துக்குள் நுழைவது ஒரு பேருந்து. ஆபத்து எதுவும் வரவில்லை, ஆனால் அரங்கம் துள்ளியது. லூட்டன் பேருந்து என்றே இன்றும் அழைக்கப்படும் அந்த உத்தியின் உயிர், சத்தத்தில் இல்லை; அதற்கு முன்னால் கட்டப்பட்ட நிசப்தத்தில் இருக்கிறது. நிசப்தத்தைக் கட்டாமல் சத்தத்தை மட்டும் ஏற்றுவது பார்வையாளரின் காதைத் தாக்குவதாகும்.

நம் கருவில் கைப்பேசி ஒலிப்பதை இப்படிப் பயன்படுத்தலாம். ஆனால் ஒரே ஒரு முறை.

ஷாட்களின் நீளத்தை எடிட்டிங்கில் வேகமாகக் குறைத்துக்கொண்டே போவது வழக்கமான முறை. அதற்கு நேர்மாறாக, ஆபத்து நெருங்க நெருங்க ஷாட்களை நீட்டிப் பாருங்கள். பார்வையாளர் வெட்டை எதிர்பார்த்துக் காத்திருக்கும் நேரத்தில், அவருடைய கண் சட்டகத்தின் மூலைகளைத் தேடத் தொடங்கும். காய்ந்த தளத்தைக் காட்டும் ஷாட்டுக்குப் பத்து வினாடிக்குக் குறையாமல் கொடுங்கள்.

டைட்டில்களைக் கடைசியில் ஒட்டும் வேலையாக நினைக்க வேண்டாம். அவை எந்த ஷாட்டின் எந்தப் பகுதியில் வரும் என்பதை ஸ்டோரிபோர்டிலேயே இடம்விட்டு வையுங்கள். ரத்தம் சொட்டும் எழுத்துருக்களைத் தவிருங்கள். தமிழ் எழுத்துகளின் சுழிகளில் அந்த அலங்காரம் படிக்கவே முடியாமல் போகிறது. பெயர் ஒவ்வொன்றும் திரையில் சுமார் மூன்று வினாடி நிற்க வேண்டும். எட்டுப் பெயர்கள் என்றால் இருபத்து நான்கு வினாடி, அதாவது உங்கள் படத்தின் ஐந்தில் ஒரு பங்கு. அந்த அளவு நேரத்தை வாசிப்பில் செலவிடும் பார்வையாளரின் கண் எங்கே இருக்கும் என்பதைக் கணக்கிட்டால், சிவப்பு விளக்கு அணைந்திருக்கும் ஷாட்டில் எழுத்து எதையும் வைக்கக்கூடாது என்பது தானாகவே விளங்கும்.

எட்டாம் படி: பார்வையாளரிடம் சோதித்தல்

படத்தைக் காட்டிவிட்டு “எப்படி இருக்கிறது?” என்று கேட்டால் நண்பர்கள் நன்றாக இருக்கிறது என்பார்கள். அந்தப் பதிலால் எந்தப் பயனும் இல்லை. எந்த விளக்கமும் சொல்லாமல் காட்டுங்கள். முடிந்ததும் ஒரு தாளில், அடுத்து என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள், எந்த இடத்தில் முதன்முதலாக ஏதோ சரியில்லை என்று தோன்றியது, இது எந்த வகைப் படம் என்று எப்போது புரிந்தது என்ற மூன்று கேள்விகளுக்கு மட்டும் எழுதச் சொல்லுங்கள். திகில் படங்களை விரும்பிப் பார்ப்பவர்களும் பார்க்காதவர்களும் கலந்திருப்பது நல்லது. பிறகு அவர்களின் விடைகளை நான்காம் படியில் வரைந்த அறிவின் கோட்டுக்கு அருகே வையுங்கள். நீங்கள் திட்டமிட்ட இடமும் அவர்கள் உணர்ந்த இடமும் எங்கே பொருந்துகின்றன, எங்கே விலகுகின்றன என்பதுதான் உங்கள் பரிசீலனையின் உள்ளடக்கம்.

ஒன்பதாம் படி: பரிசீலனையை எழுதுதல்

ஒவ்வொரு பத்தியையும் ஒரு தீர்மானத்திலிருந்து தொடங்குங்கள். அந்தத் தீர்மானம் எந்த மரபைச் சார்ந்தது, அந்த மரபு மற்ற படங்களில் என்ன வேலை செய்கிறது, உங்கள் படத்தில் அதை என்ன செய்தீர்கள், பார்வையாளர் அதை எப்படி எதிர்கொண்டார் என்ற வரிசை இயல்பாக அமையும். ஆனால் எல்லாப் பத்தியையும் இதே அச்சில் வார்க்க வேண்டாம். ஒலியைப் பற்றிய பத்தி இரண்டு பக்கம் வரலாம், உடையைப் பற்றியது இரண்டு வரியில் முடியலாம்.

வேறுபாட்டை ஓர் எடுத்துக்காட்டில் காண்போம். வலுவற்ற பத்தி இப்படி இருக்கும்: “திகில் படங்களில் கதாநாயகி தனியாக இருப்பது மரபு. எங்கள் படத்திலும் மாணவி தனியாக இருக்கிறாள். இதனால் பார்வையாளருக்குப் பயம் ஏற்படுகிறது.” வலுவான பத்தி இப்படி அமையலாம்: “மாணவியைத் தனியாக வைத்தாலும், தாயின் குரலைக் கைப்பேசி வழியே உடன் வைத்தோம். தனிமை என்ற மரபு உதவி கிடைக்காது என்ற உணர்வைத் தருவதற்காகப் பயன்படுகிறது. எங்கள் காட்சியில் அக்கறையோடு கேட்கும் ஒரு குரலே அவளை ஆபத்தை நோக்கி அனுப்புகிறது. அழைத்தது உண்மையில் தாய்தானா என்ற ஐயத்தைப் பார்வையாளர்களில் சிலர் தாமாகவே எழுதியிருந்தார்கள். நாங்கள் திட்டமிடாத அந்த வாசிப்பு, வகைமை அறிந்த பார்வையாளர் எந்தக் குரலையும் நம்புவதில்லை என்பதைக் காட்டுகிறது.” இரண்டாவது பத்தியில் கோட்பாட்டுச் சொல் ஒன்றும் இல்லை, இருந்தும் அதுதான் சிந்தனை.

கோட்பாட்டாளர்களை மேற்கோள் காட்டுவதில் நிதானம் தேவை. அமெரிக்க ஆய்வாளர் கரோல் குளோவர் 1987-இல் எழுதிய கட்டுரையில், தொடர்கொலைப் படங்களின் இறுதியில் உயிர்தப்பிக் கொலையாளியை எதிர்கொள்ளும் பெண்ணை இறுதிப்பெண் என்ற வகையாக இனங்கண்டார். மாணவர்கள் தங்கள் தொடக்கத்தில் வரும் பெண்ணை உடனே அந்தப் பெயரால் அழைத்துவிடுகிறார்கள். படத்தின் முடிவு வரை தப்பிப்பிழைப்பதுதான் அந்தப் பாத்திரத்தின் வரையறை. இரண்டு நிமிடத் தொடக்கத்தால் அதை நிறுவ முடியாது. படிக்கிறாள், கவனிக்கிறாள், சத்தத்தின் காரணத்தைத் தேடிப் போகிறாள் என்பன போன்ற அடையாளங்களால் அந்த எதிர்பார்ப்பை விதைத்தோம் என்று சொல்வதே சரியான கூற்று. அதேபோல் வகைமை என்பது மீள்வரவும் வேறுபாடும் சேர்ந்தது என்ற திரைப்பட ஆய்வாளர் ஸ்டீவ் நீலின் கருத்தை எடுத்துக்கொண்டால், எது மீண்டும் வந்தது, எது வேறுபட்டது என்று உங்கள் ஷாட்டைச் சுட்டிக் காட்டுங்கள். கருத்தை மட்டும் எடுத்தெழுதிவிட்டு நகர வேண்டாம்.

பயன்படுத்தினோம், வளர்த்தோம், மறுத்தோம் என்ற மூன்றில், மாணவர்கள் மறுத்தோம் என்பதற்கே அதிக மதிப்பு என்று எண்ணுகிறார்கள். 2009-இல் அறிவழகன் இயக்கிய ஈரம், தண்ணீரையே இறந்தவளின் இருப்பாகக் காட்டியது. அந்தப் படத்தை அறிந்த தமிழ்ப் பார்வையாளர் நம் தொட்டிச் சத்தத்தைக் கேட்டதும், தண்ணீர் எங்கே தோன்றுமோ என்று கண்ணால் தேடுவார். நாமோ கடைசி வரை ஒரு சொட்டுத் தண்ணீரையும் காட்டவில்லை. இது மறுப்பு அன்று. ஏற்கெனவே இருந்த மரபை ஒலியின் பக்கம் கொண்டுசென்ற வளர்ச்சி. அப்படிப் பெயரிட்டால் உங்கள் கூற்று அடக்கமாகவும், நிரூபிக்கக்கூடியதாகவும் இருக்கும்.

பெண், முதியவர், மனநோயாளி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளி ஆகியோரைத் திகில் படங்கள் பயத்தின் கருவியாக்கிய நீண்ட வரலாறு உண்டு. உங்கள் படம் அப்படி யாரையாவது பயன்படுத்தியிருந்தால் அதைப் பரிசீலனையில் தவிர்க்காமல் எழுதுங்கள். விரித்த கூந்தல், வெள்ளைப் புடவை என்ற உருவம் ஏன் கைக்கு உடனே வந்தது, அதற்குப் பதிலாக என்ன யோசிக்கப்பட்டது என்று விளக்குங்கள். தேர்வாளர் இதைக் கேட்காமல் போகலாம். படம் பார்க்கும் ஒருவர் கேட்பார்.

குழுவாகப் படமெடுத்தாலும் பரிசீலனையை ஒவ்வொருவரும் தனியாக எழுத வேண்டும். ஒலியைக் கவனித்தவர் ஒலியிலிருந்து தொடங்கட்டும், கேமராவைக் கவனித்தவர் ஷாட்டிலிருந்து. கூற்று ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அந்தச் சட்டகத்தின் படத்தையும், அது வரும் நிமிடத்தையும் வினாடியையும் கொடுங்கள். கைவிட்ட கருக்களின் பக்கம், அறிவின் கோடு, பார்வையாளர் எழுதித்தந்த தாள்கள் ஆகியவற்றின் நகல்களையும் பின்னிணைப்பாகச் சேர்த்து, படக்கோப்போடு ஒரே உறையில் வைத்துச் சமர்ப்பியுங்கள்.